பொது நிலமில்லாத ஊர்

அன்பு மகள் சுகந்தினிக்கு,

இருமலையும் முழங்கால் வலியையும் கணக்கில் எடுக்காவிட்டால் நானும் உன் அம்மாவும் சுகம். நீயும் சைப்ரஸில் நல்ல தேகசுகத்தோடு இருக்க வேண்டுமென்று மாரியம்மாளைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். என் மேல் கோபமாக இருக்கிறாய், தெரியும். கோபத்திலும் நேரத்துக்குச் சாப்பிடு. போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய், அம்மா அழுகிறாள், நான் கத்துகிறேன், அதனால் கடிதமாக எழுதுகிறேன், இதைப் பாதியில் வெட்ட முடியாது. பஜாரில் நஸீம் இதைத் தன் கடையில் வைத்துப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காத்தாயியைத் தோண்டி எடுக்க மாட்டேன். காணியை விற்க மாட்டேன். இந்திரகுமாரிடம் மன்னிப்பும் கேட்க மாட்டேன். இனி நடந்ததைக் கேள், அவன் உனக்குப் போன் போட்டுச் சொன்னது அவன் பக்கத்துக் கதை.

நம்மூர் என்று பேர் வைத்த இந்த இடத்துக்குக் குடிவந்த நாளில் எனக்கிருந்த சந்தோஷம் உனக்குத் தெரியும், அந்தத் துண்டு காணியே உன் உழைப்பில் வாங்கியது. அவுஸ்திரேலியாவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு வந்த இந்திரகுமார் பஜாருக்கு மேலே இருந்த பழைய றப்பர் காணியை வாங்கிப் பிரித்து, தோட்டத்து லயத்தில் பிறந்த நமக்கே விலைக்குக் கொடுத்தான், அதற்கு இன்றைக்கும் அவனுக்கு நன்றி சொல்வேன். இங்க எவனும் எவனுக்கும் தொரை இல்ல, தலைவர் இல்ல, சந்தா இல்ல, கமிட்டி இல்ல, அவனவன் காணிக்கு அவனவன் ராசா என்று அவன் சொன்னபோது நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். காலையில் பிரட்டுக்குப் போய் வரிசையில் நின்று, இன்றைக்கு எந்த மலையில் வேலை என்று இன்னொருவன் சொல்லும்வரை காத்து நின்ற உடம்பு இது. முதல் நாள் முகத்தில் வெயில் அடிக்கும்வரை வேண்டுமென்றே படுத்துக் கிடந்தேன். ஆனால் காணியைப் பிரிக்கும்போது ஒரு அடிகூடப் பொதுவென்று விடவில்லை, யாரும் கேட்கவுமில்லை. நம் சனத்துக்குப் பொது என்றால் அது தோட்டக் கம்பனியுடையது. பொதுத் தண்ணிப் பீலி, பொதுக் கக்கூஸ், எது உடைந்தாலும் ஆபீஸ் வாசலில் கைகட்டி நிற்க வேண்டும். அதனால் பொது என்ற பேச்சே வேண்டாம், எல்லாவற்றையும் துண்டாக்கிக் கையில் கொடு என்றோம். பாதையைக்கூட அவரவர் வாசலுக்கு நேரே பிரித்துக்கொண்டோம். இருக்கிறவன் தன் பங்குக்குச் சீமெந்து போட்டான், இல்லாதவன் அப்படியே விட்டான், மழை நாளில் சீமெந்து, சேறு, சீமெந்து, சேறு என்று நொண்டியடித்துக்கொண்டு இறங்க வேண்டும். அம்மா இரண்டு தரம் விழுந்தாள். சுதந்திரம் என்றால் கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும் என்று சிரித்துக்கொண்டோம்.

அப்புறம்தான் காத்தாயி செத்தாள். உனக்கு ஞாபகம் இருக்கும், மழைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது உன் தலையில் போட றப்பர் மலையிலிருந்து பொலித்தீனைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவாளே, அவள்தான். நம்மோடு ஒட்டிக்கொண்டு இங்கே வந்தவள், பிள்ளை குட்டியும் இல்லை, சொந்தக் காணியும் இல்லை. பின்னேரம் தேத்தண்ணி குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்தவள் எழும்பவில்லை. என்னை எரிச்சுப்புடாதீங்க, மண்ணுல போடுங்க என்று உன் அம்மாவிடம் எப்போதோ கேட்டு வைத்திருந்தாள். தோட்டத்து மயானத்துக்குக் கேட்டுப் போனோம், தோட்டத்துப் பதிவில் பெயரை வெட்டிக்கொண்டு வெளியே போனவர்களுக்கு இங்கே இடமில்லை என்று ஆபீஸில் கையை விரித்துவிட்டார்கள். திரும்பி வந்து நம்மூரில் வீடு வீடாக ஏறினேன். கீழ்ப்பக்கத்து நிரோஷன், எங் கெணத்துக்கு மேல பொணத்த வெக்க வுடமாட்டேன் என்றான். சதீஸ் கடை கட்டப்போகிற இடம் என்றான். மற்றவர்கள் காணியின் விலை இறங்கிவிடும் என்றார்கள். ஒருவரும் கெட்டவர்கள் இல்லை மகள், எல்லாரும் வந்து அழுதார்கள், பெட்டிக்குக் காசு கொடுத்தார்கள், செத்த வீட்டில் தேத்தண்ணி ஊற்றினார்கள். இடம் மட்டும் கொடுக்கவில்லை. இந்திரகுமாரிடம் போனேன். யாரையும் கட்டாயப்படுத்த முடியாது மாமா, அதுதானே நம்ம கொள்கை, டவுனுக்குக் கொண்டு போய் எரிச்சிடுவோம், செலவ நான் பாக்கிறேன் என்றான். எரிக்காதே என்று சொன்னவளை அவள் வாய் மூடியதும் எரிப்பது எந்தச் சுதந்திரத்தில் சேர்த்தி என்று கேட்டேன். மறுநாளும் பொழுது ஏறிவிட்டது, இனி வைத்திருக்க முடியாது. நம் காணியில், நீ முன்வாசல் வைத்துக் கட்டுவதாகச் சொன்ன அந்த இடத்தில் குழி வெட்டச் சொன்னேன்.

அதற்கு முன்னால் கிராம சேவகர் வேலை பார்க்கிற சிங்கள நோனாவிடம் போய்ச் சொன்னேன், களவாகப் புதைக்கக் காத்தாயி நாய்க்குட்டி இல்லையே. நோனா சுகாதார ஆளையும் கூட்டிக்கொண்டு அந்தச் சேற்றில் ஏறி வந்தார். அந்த ஆள் நிரோஷனின் கிணற்றைப் பார்த்து, தூரம் காணும், பயமில்லை என்றார், பிரதேச சபைக்கு நோனாவே பேசி அனுமதி வாங்கித் தந்தார். நம்மூர் வாசலுக்குள் இதுவரை எந்த ஆபீசரும் வந்ததில்லை, அதுவே இந்திரகுமாருக்குப் பெரிய பெருமை. அரசாங்கத்த உள்ள வுட்டுட்டீங்களே மாமா, இனி ஒண்ணொண்ணா நுழையும் என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டான். ஆமாம், விட்டேன். அந்தச் சிங்கள மனுசி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், அனே பவ், ஐயோ பாவம் என்று காத்தாயியின் நெற்றியைத் தொட்டாள், அரசாங்கம் வந்து அதைத்தான் செய்தது என்றேன்.

கூட்டமே வேண்டாம் என்றவன் காத்தாயியின் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்ததும் கூட்டம் போட்டான். உடம்பை எடுத்து வேறெங்காவது வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் விற்றுவிட்டுப் போக வேண்டுமாம். என் காணியில் நான் ராசா இல்லையா என்றேன். ராசாதான் மாமா, ஆனா பக்கத்துக் காணிக்காரனுக்கு நட்டம் வரக்கூடாது என்றான். அதுக்குப் பேருதான் தம்பி சட்டம், அத ஆரம்பத்துலயே எல்லாருமா உக்காந்து செஞ்சிருந்தா காத்தாயி ஒரு நாள் முழுக்கக் காத்துக் கெடந்திருக்க மாட்டாளே என்றேன். அதன் பிறகுதான் அவன் உனக்குப் போன் போட்டது. இன்னொன்றையும் அவன் சொல்லியிருக்க மாட்டான். நேற்று அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள், எனக்கும் ஒரு எடம் இருக்குமா அண்ணே என்று கேட்டாள். மகனைக் கேட்டியா என்றேன். அவனை ஏன் கேக்கணும், இது நம்மூருதானே என்றாள்.

உன் பெயரில் இருக்கிற காணியை உன்னைக் கேட்காமல் கொடுத்தேன் என்பதுதான் உன் கோபம். அது நியாயமான கோபம், ஆனால் நான் அதற்குப் பணிய மாட்டேன். அன்றைக்கு உனக்குத் திரும்பத் திரும்பப் போன் எடுத்தோம், நீ வேலை பார்க்கிற வீட்டுக் கிழவியைக் குளிப்பாட்டிக்கொண்டு இருந்திருப்பாய். யாரோ ஒருத்தியைப் பெற்ற தாயைப் போல நீ அங்கே தூக்கி நிறுத்துகிறாய், அந்தப் பிள்ளைக்குத் தகப்பனாக இருந்துகொண்டு நான் இங்கே வேறு என்ன செய்வேன்? மேல்பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது, அங்கே வீடு கட்டுவோம், காற்றும் நன்றாக வரும். கீழ்ப்பக்கத்தை ஊருக்கு மயானமாகப் பதிய வேண்டும், பிரதேச சபைக்கு உன் கையெழுத்து வேண்டும். முள்ளுக்கம்பி அடிக்க மாட்டேன், யார் எந்தச் சாதி, யாரோடு யாருக்குச் சண்டை என்று கேட்க மாட்டேன், என்னைப் போகச் சொன்னவனுக்கும் அங்கே இடம் உண்டு.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, முதுகு வலிக்கு அம்மா எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறாள், யாராவது வந்தால் கொடுத்துவிடுவோம். மாரியம்மாள் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல துணையையும் கொடுக்கட்டும், உன் கைக்கு ஒரு குறையும் வராமல் காக்கட்டும். கையெழுத்துப் போடுவது உன் இஷ்டம், இந்த ஊரில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் இதை மட்டும் மறந்துவிடாதே. நீ போட்டாலும் போடாவிட்டாலும் காத்தாயிக்கு வலதுபக்கம் எனக்கு, எனக்குப் பக்கத்தில் அம்மாவுக்கு. இடத்தை அவளிடம் காட்டிவிட்டேன், சரி என்றாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
அழகமுத்து
நம்மூர், யட்டியாந்தோட்டை