அதிர்வு தாமதித்த மேடு

பருத்திப்பட்டு
7-6-1943

அன்புள்ள அத்தானுக்கு,

அம்மா வீட்டில் நானும் குழந்தையும் சுகம். உங்கள் சுகத்துக்கு ஒரு வரி எழுதக்கூட நேரமில்லையா?

நீங்கள் பட்டாளத்துத் துரையோடு வந்து வெடி வைத்து அளந்துவிட்டுப் போன மேட்டில் பட்டாளத்துக்காகக் கிணறு வெட்டுகிறார்கள். என் தம்பி சம்பத்தும் அங்கேதான் கூலிக்குப் போகிறான். நேற்றுச் சாப்பிடும்போது, "பாறை வரும்னு பாத்தா மண்ணாவே வந்துகினு கீதுக்கா. பக்கமெல்லாம் சரியுது. தொர குறிச்ச எடம், தண்ணி நிச்சயம்னு மேஸ்திரி சொல்றாரு" என்றான். அது நல்ல இடந்தானா? உடனே எழுதுங்கள்.

அன்பு மனைவி,
தாட்சாயிணி


அரக்கோணம் முகாம்
10-6-1943

அன்புள்ள தாட்சாயிணிக்கு,

தபாலைப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஆவடிக்கு வரும் ஆளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வெடியின் அதிர்வு கெட்டிப் பாறையில் பாய்ந்து ஓடும். தண்ணீர் ஊறிய மண்ணில் வேகம் குறையும். அந்த மேட்டில் ஓரிடத்தில் மட்டும் மிகவும் தாமதித்தது. பாறை உடைந்து நீர் தங்கியிருக்கிறது என்று துரை குறி போட்டுவிட்டார். நான் திரும்பக் கணக்குப் போட்டேன். தண்ணீர் இருந்தால்கூட அவ்வளவு மெதுவாக வராது. இடுக்கெல்லாம் காற்று நிற்கும் காய்ந்த, தளர்ந்த மண்ணில்தான் அப்படி வரும். துரையிடம் சொன்னேன். உன் வேலையைப் பார் என்றார்.

அந்த மண் எப்போது வேண்டுமானாலும் விழும். சம்பத்தை இறங்கவிடாதே. நான் சொன்னதாக யாரிடமும் மூச்சு விடாதே. பட்டாளத்துச் சங்கதியை வெளியிட்டேன் என்று சிறையில் போடுவார்கள்.

மணவாளன்


பருத்திப்பட்டு
12-6-1943

அத்தானுக்கு,

சம்பத் பிழைத்தான்.

கடிதம் வந்தபோது அவன் வேலைக்குப் போயிருந்தான். ஓடினேன். கிணற்றுக்குள் அவனும் கூட வேலை செய்யும் துலுக்கானமும். உண்மையைச் சொன்னால் உங்களைப் பிடிப்பார்களே என்று நாக்கு எழவில்லை. "சம்பத்து, அம்மாக்குப் பேச்சு மூச்சில்லடா, ஏறி வாடா!" என்று கத்தினேன். துலுக்கானமும் அண்ணாந்து பார்த்தான். "நீ போ மச்சான், நான் பாத்துக்கறேன்" என்றான்.

நாங்கள் மேட்டைவிட்டு இறங்கக்கூட இல்லை, அதற்குள் பின்னால் பொதபொதவென்று மண் சரியும் சத்தம். பொழுது சாயத்தான் துலுக்கானத்தைப் பிணமாக வெளியே எடுத்தார்கள்.

வீட்டில் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சம்பத் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஒனக்கு முன்னியே தெரியுமாக்கா?" என்றான். துலுக்கானத்தின் மனைவி கெங்கம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன் தம்பியாவது தப்பிச்சானே" என்று அழுகிறாள். அந்தக் கையை என்ன செய்வது என்றே தெரியவில்லை.

பக்கத்திலேயே வேறு இடத்தில் குறி போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை ஆட்கள் இறங்குகிறார்கள். அதனால் இதைத் தபாலில் போடாமல் உங்கள் ஆளிடமே கொடுத்தனுப்புகிறேன். அங்கே அதிர்வு எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் பயந்தான், அத்தான். ஆனாலும் ஊருக்கே படித்துக் காட்டுகிற மாதிரி, உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். எனக்கு மட்டும் என்றால் எழுதவேண்டாம்.

தாட்சாயிணி