தளபதியின் சட்டமும் எங்கள் வீட்டு சர்நேமும்

அக்டோபர் 6

கீதாவின் அப்பா போய் இன்றோடு நூறு நாள். பட்டறை முதலாளி ஜெயினுலாப்தீன் பாய் வருஷா வருஷம் அவருக்குக் கொடுக்கிற டைரி இது. சிலிண்டர் வந்த தேதியைத் தவிர அவர் எதுவும் எழுதியதில்லை. மிச்சத்தை நான் எழுதுகிறேன். ஐந்தாவது படித்ததற்கு இது போதாதா?

கீதாவின் பத்தாவது பரீட்சை ஃபாரம் திரும்பி வந்துவிட்டது. சர்நேம் இல்லையாம். வெள்ளிக்கிழமைக்குள் எழுத வேண்டும், ஆயுசுக்கும் அதுதான். நமக்கு ஏது சர்நேம்?

அக்டோபர் 7

அவருடைய அண்ணன் நெல்லையப்பன் பக்கத்து சுனாபட்டியிலிருந்து வந்தார். "சாதிப் பேரப் போடு. பம்பாயில எல்லாவனும் அதத்தான போடுதான்" என்றார். ரேஷன் கார்டிலேயே அதை எழுதவிடாமல் சண்டை போட்ட மனுஷன் பிள்ளைக்கா? அண்ணன் விடவில்லை. "தம்பி இல்லன்னா நாந்தான முடிவு பண்ணணும்?"

அப்படியா? எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 8

கீதாவுக்கு சரித்திர ப்ராஜெக்ட். கெமால் என்று ஒரு தளபதி. சண்டையில் ஜெயித்து, சுல்தானை அனுப்பிவிட்டு, துருக்கியைக் குடியரசு ஆக்கியவர். "ஏக்தம் மஸ்த், செம ஆளும்மா" என்று போனைப் பார்த்து வாசித்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டேன். நாட்டின் எழுத்தையே மாற்றிவிட்டு, கரும்பலகை முன்னால் தானே நின்று சொல்லிக்கொடுத்தாராம். அப்போ படித்தவர்கள் எல்லாம் ஒரே நாளில் என்னை மாதிரி எழுத்துக்கூட்டி வாசித்திருப்பார்கள்!

எனக்கு இந்த ஆளைப் பிடித்துவிட்டது.

அக்டோபர் 9

துருக்கியிலும் சர்நேம் கிடையாதாம்! எல்லாரும் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டாராம். வீட்டில் யார் வைப்பது? புருஷன். புருஷன் செத்துப்போனால்? கீதா போனைத் தேய்த்துத் தேய்த்துக் கண்டுபிடித்தாள் — மறுகல்யாணம் செய்யாத பொண்டாட்டி. அண்ணன் இல்லை!

உடனே அவருடைய அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அத்தான், பேரு நாந்தான் வைக்கணுமாம். தளபதி சட்டம்."

"எந்தத் தளபதி?"

"துருக்கி."

"தாராவிக்குத் துருக்கிக்காரன் எப்பளா வந்தான்?"

வைத்துவிட்டார். நூறு நாளில் இன்றுதான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அக்டோபர் 10

பள்ளிக்கூட ஆபீஸ் ஜன்னலில் நான் மட்டும். கீதா வகுப்பில் இருந்தாள். "பாப் கா நாம்?" என்று அப்பா பேரைக் கேட்டார் கிளார்க். பத்தொன்பது வருஷம் "ஏங்க, ஏங்க" என்றே ஓட்டிவிட்டேன். அந்தப் பேரை இந்த வாய் ஒருநாளும் சொன்னதில்லை. பின்னால் வரிசை. ஒருத்தி முதுகில் இடித்தாள்.

"சுடலைக்கண்ணன்."

மழை பெய்யவில்லை, இடி விழவில்லை.

"சர்நேம்?"

"சுடலைக்கண்ணன்."

கிளார்க் கண்ணாடியைக் கழற்றினார். "ஏக் ஹி நாம் தோ பார்?" ஒரே பேர் இரண்டு தடவையா என்கிறார்.

"ஹாங் சாப். ஏக் பார் கூப்பிட்டா அவர் திரும்ப மாட்டார்."

என்ன புரிந்ததோ, எழுதிவிட்டார்.

அக்டோபர் 11

டீ போட்டு இறக்கினால் இரண்டு டம்ளர். கை இன்னும் பழைய கணக்கிலேயே இருக்கிறது. வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்து, அவரைப் பேர் சொல்லியே கூப்பிட்டேன். ஒரு தடவை. இரண்டாம் தடவை.

"ஏன்மா கத்துற?" என்று மாடிப்படியிலிருந்து குதித்து வந்து, அந்த டம்ளரை எடுத்துக்கொண்டாள் கீதா. "என் சர்நேம்தானே, என்னைத்தானே கூப்பிட்டே?"

ஆமாம் என்றேன்.