வாயில் முலாம்பழத்தோடு நிற்பவன்

பிப்ரவரி 15

காலை, பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது. வடக்கிலிருந்து காற்று. வானிலை நிலையத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் இதை எழுதாமல் பேனா அடுத்த வரிக்கு நகர மாட்டேன் என்கிறது.

இன்று எங்கள் நாள். ஆப்கன் போரிலிருந்து சோவியத் படை திரும்பிய நாள். வட்டார அலுவலகத்தில் எங்களைக் கௌரவித்தார்கள். போன வருஷம் ஆளுக்கொரு துண்டு, இந்த வருஷம் ஆளுக்கொரு பிளாஸ்க். இதே வேகத்தில் போனால் எண்பது வயதில் எனக்கு ஒரு கெட்டில் கிடைக்கலாம். தலைவர் பேசினார். மனிதர் பிறந்ததே நாங்கள் திரும்பி வந்த பிறகு. ஆனாலும் பக்கத்தில் குண்டு விழுந்த மாதிரி குரல் நடுங்கியது.

"மறைந்த வீரர் சாகின்" என்று படித்ததும் எல்லோரும் எழுந்து நின்றோம். உயிரோடிருந்தபோது அவன் இந்தக் கூட்டத்தில் கடைசிவரை இருந்ததே கிடையாது. பாதியிலேயே என் கோட்டைப் பிடித்து இழுப்பான். "வாடா எர்கேஷ், இந்தாளு பேச்சு முடியாது, அங்க சூப் ஆறிடும்." நவம்பரில் போய்விட்டான். இதயம். காலையில் குதிரைக்குத் தீவனம் வைக்கப் போனவன் லாயத்திலேயே விழுந்தான். சொல்லிக்கொண்டு கிளம்புகிற பழக்கம்தான் அவனுக்கு எப்போதுமே இல்லையே.

அவனுக்குரிய பிளாஸ்க்கையும் என் தலையில் கட்டினார்கள். ஜிபார் அண்ணியிடம் கொண்டுபோனேன். சாகின் என்னைவிடச் சில மாதம் மூத்தவன், அதனால் அவன் பெண்டாட்டி எனக்கு அண்ணி. மூடியைத் திருகிப் பார்த்தாள்.

"ஒழுகுமா தம்பி?"

"ஒழுகும்போலத்தான் இருக்கு."

"அப்ப சரி, அரசாங்கம் குடுத்ததுதான்."

சுவரில் அந்தப் போட்டோ இன்னும் தொங்குகிறது. படையில் இருந்தபோது எடுத்தது. உலகத்திலேயே ஒரே ஒரு பிரதி. இடது பக்கம் நான், தொப்பியைச் சாய்த்து, தோளை நிமிர்த்தி... நாட்குறிப்பில் எதற்குப் பொய், அழகன்தான். வலது பக்கம் சாகின். கண் இரண்டும் மூடி, கன்னம் புடைக்க வாய் நிறைய முலாம்பழம், தாடையில் சாறு. அந்தப் பழமும் என் பங்குதான். எத்தனையோ தடவை கேட்டும் அந்தப் படத்தை எனக்குத் தரவே இல்லை. "உன் மூஞ்சிக்கு நான்தான்டா காவல்" என்பான்.

பிப்ரவரி 16

பிளாஸ்க் ஒழுகுகிறது.

மார்ச் 2

இரவெல்லாம் பனி. வாசலை நானே வாரினேன். பாதியில் முட்டி பூட்டிக்கொண்டது, மண்வெட்டியை ஊன்றி வெகுநேரம் நின்றேன். தெருவில் போனவர்கள், கிழவன் இயற்கையை ரசிக்கிறான் என்று நினைத்திருப்பார்கள்.

ஒவ்வொரு குளிர்காலமும் நான் எழுவதற்கு முன்பே சாகின் வந்து வாரிவிட்டுப் போவான். நன்றி சொன்னால் கோபம் வரும். "உனக்காகவா செய்றேன்? தொப்பை குறையணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்." வாழ்நாளெல்லாம் வாரினான். தொப்பை ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை.

ஏப்ரல் 11

சாகின் மகன் எல்தியார் தலைநகரத்திலிருந்து பேசினான். பனி விழுவதற்கு முன்பே, செப்டம்பரில், அப்பாவுக்கு ஆண்டு விருந்தாம். குதிரை வெட்டி, ஊரைக் கூட்டி. அதற்குள் கல்லறையில் கறுப்புக் கல் வைத்துவிட வேண்டுமாம், முகம் செதுக்கி.

"ராணுவ உடுப்புல இருக்கிற முகம்தான் சித்தப்பா. சுவத்துல இருக்கிற அந்தப் படத்தை போன்ல பிடிச்சிட்டு வந்துட்டேன்."

பாவம் சாகின், காலாகாலத்துக்கும் வாயில் பழத்தோடா என்று நினைத்துச் சிரித்தேன். கல்லில் செதுக்குகிறவன் கைதேர்ந்தவனாக இருந்தால் வாயை மூடிவிடுவான்.

"விருந்துல நீங்கதான் பேசணும். அந்தக் கதையை உங்க வாயால கேக்கணும்."

எந்தக் கதை என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான். தலைநகரத்துப் பிள்ளைகளுக்கு எப்போதும் அவசரம்.

ஆகஸ்ட் 19

வெயில், இருபத்தாறு. மேகமில்லை. எழுதியாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கல் வந்தது. லாரியிலிருந்து ஆறு பேர் இறக்கி சாகின் வீட்டு முற்றத்தில் நிறுத்தினார்கள். எல்தியார் போர்வையை விலக்கினான்.

நான்!

தொப்பி சாய்ந்து, தோள் நிமிர்ந்து, ஆளுயரக் கறுப்புக் கல்லில் நான். கீழே சாகின் பெயர், சாகின் பிறந்த தேதி, செத்த தேதி. யாராவது கேட்பார்கள், யாராவது ஒருவராவது "இது எர்கேஷ் இல்லையா?" என்பார்கள் என்று சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன். ஒருவர் வாயும் திறக்கவில்லை. எங்களை இருபது வயதில் பார்த்தவர்களில் பாதிப் பேர் மேட்டுக் கல்லறையில், மீதிப் பேருக்குக் கண்புரை. அப்படியென்றால் என் முகம் அவ்வளவா மாறிப்போய்விட்டது? இந்த மலைக்காற்று நாசமாகப் போக!

"அப்பா எவ்வளவு அழகு பாருங்க சித்தப்பா" என்று என் தோளில் சாய்ந்து எல்தியார் அழுதான்.

"ஆமா, அழகுதான்" என்றேன். வேறு என்ன சொல்வது? உண்மையைத்தானே சொன்னேன்.

முல்லா ஓதினார். எல்லோரும் கையேந்தினோம். நானும் ஏந்தினேன். என் முகத்தைப் பார்த்தபடியே என் ஆன்மாவுக்கு வேண்டிக்கொண்டு, என் முகத்தையே தடவிக்கொண்டேன். இந்தப் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ஜிபார் அண்ணி மட்டும் கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கல்லைப் பார்த்தாள். பிறகு தேநீர் போட உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 20

காலையிலேயே அண்ணி வீட்டுக்குப் போனேன். எல்தியார் குதிரை விலை பேசப் போயிருந்தான்.

"அண்ணி, உங்க மகன் ஆளை மாத்திட்டான். இடது வலது தெரியலை அவனுக்கு."

"அவன் மாத்தலை தம்பி. அவனுக்குத் தெரிஞ்சதைத்தான் செஞ்சான்."

"என்ன தெரியும்?"

"இடது பக்கம் நிக்கிற அழகன்தான் அவன் அப்பா. பழம் தின்றது நீ. சின்ன வயசிலேர்ந்து அவனுக்கு அப்படித்தான் தெரியும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கொழுப்பைப் பாரேன்! காவல் காக்கிறேன் காவல் காக்கிறேன் என்று சொல்லிக் கடைசியில் மூஞ்சியையே அபேஸ் பண்ணிவிட்டான்!

"கத்தாதே, முழுசாக் கேளு" என்றாள். ரொட்டியை என் பக்கம் தள்ளினாள்.

எல்தியாருக்கு ஆறேழு வயது இருக்கும்போது, தெருவில் பிள்ளைகளோடு சேர்ந்து என்னைப் போல் நொண்டி நடந்து காட்டிச் சிரித்திருக்கிறான். சாகின் அதைப் பார்த்துவிட்டான். அடிக்கவில்லை. பையனைத் தூக்கிக்கொண்டுபோய் அந்தப் போட்டோவுக்கு முன்னால் உட்கார வைத்தான். போரில் தனக்கு அடிபட்டுக் கிடந்ததாகவும், எர்கேஷ் சித்தப்பாதான் முதுகில் தூக்கிக்கொண்டு கல்லாற்றின் வழியே நடந்ததாகவும், அந்தச் சுமையில்தான் சித்தப்பாவின் கால் போனதாகவும் சொன்னான். "அந்தக் கால் இல்லேன்னா நான் இல்ல, நான் இல்லேன்னா நீயும் இல்லடா" என்றானாம். அதோடு அந்த வீட்டில் என் நடையைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

"சரி, அதுக்கு என் மூஞ்சி எதுக்கு?"

"பையன் கேட்டான், 'இதுல நீங்க யாருப்பா'ன்னு. இந்த மனுஷன் ஒரு நிமிஷம் படத்தைப் பார்த்தாரு. அப்புறம் உன்னைக் காட்டிட்டாரு." அண்ணி தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கதையை மாத்தினது உனக்காக. முகத்தை மாத்தினது அவருக்காக. நான் எத்தனையோ தடவை திட்டிப் பார்த்துட்டேன்."

"கல்லை மாத்த வேண்டாமா அண்ணி?"

"இத்தனை வருஷம் அவர் மூஞ்சியைப் பார்த்தாச்சு. இனியாவது நல்லதாப் பார்த்துக்கறேனே."

ஆகஸ்ட் 21

திருடன்.

ஆகஸ்ட் 24

நடந்தது என்ன என்று இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

அடிபட்டது எனக்கு. முட்டியில் கண்ணிவெடித் துண்டு. தூக்கினது அவன். கல்லாற்றின் படுகையில், பொழுது சாயும்வரை, வழியெல்லாம் வைதுகொண்டே. "காட்டெருமை மாதிரி கனக்குற. இனிமே ரொட்டியில கை வச்சேன்னா பாரு." நான் மயங்கிப்போகாமல் இருக்கத்தான் வைதான் என்பது எனக்கு ஆஸ்பத்திரியில்தான் உறைத்தது. இரண்டு இடத்தில் என்னை விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். யாரும் அவனைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள், நான் உட்பட.

ஊருக்கு வந்த பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் வீட்டில் போரைப் பற்றி வாயே திறந்ததில்லை. அவன் எனக்கும் சேர்த்துப் பேசியிருக்கிறான் என்பது இப்போதுதானே தெரிகிறது.

இன்னொன்றும் புரிகிறது. அந்த வீட்டில் எப்போது ஆடு வெட்டினாலும், பெரிய மனிதருக்கென்று வைக்கிற தலை என் முன்னால்தான் வரும். எனக்கு மூத்தவர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தாலும் எனக்குத்தான். எல்தியார் இரண்டு கையாலும் கூஜாவைப் பிடித்து என் கைக்குத் தண்ணீர் ஊற்றுவான். கிளம்பும்போது குனிந்து என் பூட்ஸை மாட்டிவிடுவான். நானும் என்னவோ, படித்தவன், வானத்தைப் பார்த்து மழை சொல்கிறவன் என்கிற மரியாதை என்று மீசையை முறுக்கிக்கொண்டு அத்தனை தலையையும் தின்றேனே! அத்தனையும் அவனுக்கு வரவேண்டிய தலை. எதிரில் உட்கார்ந்து விலா எலும்பைக் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறான், படுபாவி.

செப்டம்பர் 6

விருந்துக்கு எட்டு நாள். என்ன பேசுவது?

உண்மையைச் சொன்னால், செத்தவனை அவன் பிள்ளைகள் முன்னால் பொய்யனாக்குகிறேன். அதுவும் அவன் சோற்றைத் தின்றுகொண்டே. சொல்லாவிட்டால், அவன் செய்ததை நான் செய்ததாக ஊர் முன்னால் நின்று சொல்ல வேண்டும். என்னைத் தூக்கினவனை நான் தூக்கினேன் என்று. அதை எந்த வாயால் சொல்வேன்? டேய் சாகின், செத்தும் என்னை ஏன்டா இந்தப் பாடு படுத்துற?

செப்டம்பர் 10

அண்ணியிடம் கேட்டேன். சொல்லிவிடப் போகிறேன் என்றேன்.

"சொல்லேன்" என்றாள், மாவைப் பிசைந்துகொண்டே. "தாராளமாச் சொல்லு."

இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 14

பதினெட்டு. லேசான மேகம்.

சொல்லிவிட்டேன்.

கூடாரம் நிறைய ஆட்கள். வட்டாரத் தலைவர்கூட வந்திருந்தார், நல்லவேளை பிளாஸ்க் கொண்டுவரவில்லை. எல்தியார் என்னை எழுப்பி நிறுத்தினான்.

"நீங்க கேட்டது எல்லாம் தலைகீழ்" என்றேன். "அடிபட்டுக் கிடந்தது நான். தூக்கினது சாகின். விட்டுட்டுப் போயிருக்கலாம், போகலை. நான் வெறும் சுமை."

எல்தியார் முகம் வெளுத்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவன் எழுந்தான். கண்ணில் நீர், வாயில் சிரிப்பு.

"கேட்டீங்களா! அப்பா அன்னிக்கே சொன்னாரு. 'உங்க சித்தப்பா ஒருநாள் இதை மாத்திச் சொல்லுவான், நம்பாதீங்க. தன்னைப் பத்திப் பெருமையாப் பேசவே தெரியாத மனுஷன் அவன்'னு!"

பெருமையாகப் பேசத் தெரியாத மனுஷன். நான்! என்னோடு வானிலை நிலையத்தில் வேலை பார்த்தவர்கள் மூன்று பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் தலையாட்டினார்கள்.

"அட, சத்தியமாச் சொல்றேன்! அந்தக் கல்லுல இருக்கிறதுகூட நான்தான்!"

முல்லா கண்ணை மூடிக்கொண்டார். "எவ்வளவு ஆழமான வார்த்தை. நாம எல்லாருமே ஒருநாள் அந்தக் கல்லுல இருக்கப் போறவங்கதான்." கூட்டம் மொத்தமும் "ஆமீன்" என்று முகத்தைத் தடவிக்கொண்டது.

அண்ணியைப் பார்த்தேன். சாட்சி சொல்ல அவள் ஒருத்திதான் பாக்கி.

"உட்காரு தம்பி" என்றாள். "சாப்பிடு, சூப் ஆறிடும்."

உட்கார்ந்தேன். ஆட்டுத் தலை வந்தது. அழுதுகொண்டே தின்றேன். எல்லோரும் அதையும் பணிவு என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

அக்டோபர் 5

தனியாக மேட்டுக்குப் போய் அவன் கல்லின் முன்னால் உட்கார்ந்தேன். நானும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். நன்றாகத்தான் செதுக்கியிருக்கிறான். ஆனால் அந்த மேட்டில் எங்கே தேடினாலும் அவன் முகம் இல்லை. இந்த ஊரில் எனக்கு ரொம்ப வேண்டிய முகம் அது ஒன்றுதான். அது எங்கேயும் இல்லை.

திரும்பும் வழியில் அண்ணியிடம் போட்டோவைக் கேட்டேன். மறுபேச்சு பேசாமல் ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்தாள்.

நவம்பர் 12

பூஜ்யத்துக்குக் கீழே நான்கு. முதல் பனி. வாசலை வாரினேன், பாதி வரை. போதும்.

மகள் மீரிம் பிள்ளைகளோடு வந்தாள். சாப்பிட்ட பிறகு போட்டோவை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். எனக்குக் கல் வைக்கும்போது இதைப் பார்த்துச் செதுக்கச் சொல் என்றேன்.

"வாயைக் கழுவுங்கப்பா. இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"எப்பவாவது வைப்பியே, அப்ப. ஆனா ஆளு மாறிடக் கூடாது, அதான்..." எப்படி விளக்குவது என்று நாலு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாதாக்கும்" என்று படத்தில் விரலை வைத்தாள். "இதோ, கண்ணை மூடிக்கிட்டு வாய் நிறைய பழத்தோட நிக்கிறது நீங்க. சின்ன வயசுல சாகின் பெரியப்பா எத்தனை தடவை காட்டியிருக்காரு."

அவள் விரலுக்குக் கீழே சாகின்.

"ஆமாம்மா" என்றேன். "அது நான்தான். தாடையில சாறு வடியுது பாரு, அதையும் விடாமச் செதுக்கச் சொல்லு."