பதினேழாம் கட்டத்துக்குப் போன தண்ணீர்

2022 ஜூலை 28

மழை நின்று மூன்று வாரம். இன்று மலையில் கட்டம் கட்டமாகப் பிரித்து நட்ட மரங்களின் சுற்றளவு எடுத்தோம். பதினேழாம் கட்டத்தில் நூறும் ஒரே வகை, கஷ்கொட்டை (செஸ்ட்நட்). பக்கத்துப் பதினெட்டில் பதினாறு வகை மரம், கலந்து நட்ட நூறு. பதின்மூன்று வருடத்துக்கு முன் இரண்டிலும் கன்று வைத்தவள் நான்தான். வறட்சி வந்தால் எந்தக் காடு தாங்கும் என்று பார்க்கத்தான் நகரத்து ஆராய்ச்சியாளர் பான் டீச்சர் அப்படி நடச் சொன்னார். ஆகவே இந்த வெயில் அவருக்கு வேலை. எனக்கு வயிற்றெரிச்சல்.

ஆகஸ்ட் 6

கஷ்கொட்டை இலையெல்லாம் சுருண்டுவிட்டது. சாப்பிடும்போது அதையே புலம்பியிருப்பேன் போல. என் வீட்டுக்காரர் கென்ஷெங், பயறுக் கஞ்சியிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஊரான் மரத்துக்கு இப்படி உருகுற. கொல்லையில நம்ம மிளகாய்ச் செடி காயுது, அதுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடேன்" என்றார். விட்டிருக்கலாம். மிளகாய் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 11

செய்துவிட்டேன். ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர் இருந்தது. காவடியில் இரண்டு வாளி, நான்கு நடை. பாதையோரம் நிற்கும் ஒன்பது கஷ்கொட்டைக்கு மட்டும். எது செத்தாலும் கை வைக்கக்கூடாது என்பதுதான் டீச்சர் போட்ட ஒரே விதி. தெரிந்தேதான் செய்தேன். மனசு குளிர்ந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

செப்டம்பர் 2

இன்றும் நான்கு நடை. தோள் வீங்கிவிட்டது.

செப்டம்பர் 20

டீச்சர் நகரத்திலிருந்து வந்தார். காய்ந்த கட்டத்தில் ஒன்பது மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, இது எப்படித் தாங்குச்சு? வேர் ஆழமாப் போயிருக்குமோ? இதை வச்சே தனியா ஒரு கட்டுரை எழுதலாம்!"

நான் தலையாட்டினேன். தலையாட்டினேனே! என்ன பிறவி நான்?

செப்டம்பர் 21

கென்ஷெங்கிடம் சொன்னேன். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு முகம் மாறியது. "யுன்மேய், வாயத் திறக்காத. வேலை போயிரும். மரம் என்ன கோள் மூட்டவா போகுது?"

மூட்டாதுதான். ஆனால் டீச்சர் எழுதுவார். அதை நம்பி எவனோ ஒருவன் மலை முழுக்கக் கஷ்கொட்டையாக நட்டுவைப்பான் — அடுத்த வறட்சியில் அவனுக்கு யார் காவடி தூக்குவது?

செப்டம்பர் 22

சொல்லிவிட்டேன். கட்டத்து நடுவிலேயே நின்று. திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. எந்த மரம், எத்தனை நாள், எவ்வளவு வாளி என்று மட்டும் கேட்டார். ஒன்பதுக்கும் சிவப்பு நாடா கட்டி, கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்.

"பதின்மூணு வருஷம், அக்கா" என்றார். நோட்டை மூடிவிட்டு, "நாளைக்கும் வேலைக்கு வாங்க. ஆனா இனிமே நீங்க அளந்தத நானும் ஒரு தடவ அளப்பேன்."

திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 14

நான் நாற்பத்தொன்று புள்ளி இரண்டு என்கிறேன். அவர் அளவுநாடாவை வாங்கி அதே மரத்தைச் சுற்றுகிறார். நாற்பத்தொன்று புள்ளி இரண்டு. இப்படியே நாள் முழுக்க. ஒன்றுகூடத் தப்பவில்லை, இருந்தும் கூசுகிறது. நானாகத் தேடிக்கொண்டது, வேறு யாரை நோக?

நவம்பர் 19

மழை! கென்ஷெங் தானே அடுப்பில் நின்று மிளகாய் போட்டுப் பன்றிக்கறி வதக்கினார். உப்பு அதிகம். இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டேன்.

2023 ஏப்ரல் 16

துளிர் விட்டவற்றை எண்ணும் நாள். டீச்சர் வந்திருந்தார். பதினேழில், அந்த ஒன்பதைத் தள்ளினால், தொண்ணூற்றொன்றில் முப்பத்து நான்குதான் பிழைத்தன. சேர்ந்தேதான் எண்ணினோம்.

பதினெட்டுக்குள் நான் முதலில் நுழைந்தேன். உள்ளே நிழல் கெட்டியாக இருந்தது, காலடியில் மண் ஈரம். ஒரு வகை மரம் பட்டுப்போன இடத்தைப் பக்கத்தில் இருந்த வேறு வகை கிளை பரப்பி மூடியிருந்தது. அங்கேயும் ஆறு கஷ்கொட்டை உண்டு. போன வருடம் அவற்றை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்று போயிருந்தது, ஐந்து துளிர்த்திருந்தன. என் தண்ணீர் இல்லாமலே. ரோஷமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. தனியாக நின்று சிரித்துக்கொண்டேன்.

வெளியே வந்தபோது டீச்சர் நோட்டுடன் பாதையில் நின்றார்.

"எத்தனை, அக்கா?"

"நூறுல எண்பத்தெட்டு."

தானும் ஒரு தடவை எண்ண உள்ளே போவார் என்று வழிவிட்டு ஒதுங்கினேன். அவர் எண்பத்தெட்டு என்று எழுதிக்கொண்டு, அடுத்த கட்டத்தைப் பார்க்க நடந்தார்.