அந்தச் சப்பாத்துப் படத்தில் நீங்கள் சிரித்த இடம்

என் அன்பான இஞ்சாருங்கோ,

உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமலே வாழ்ந்துவிட்டேன். கடிதத்திலும் அப்படியே இருக்கட்டும்.

நீங்கள் கண்மூடிய முப்பத்தோராம் நாளில் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலர் நாளை அச்சுக்குப் போகிறது. மகன் ரஞ்சன் மாசியிலுள்ள தன் வீட்டிலிருந்து வந்து, தான் எழுதியதைத் திருத்தச் சொன்னான். சாந்தமானவர், பக்தியானவர், அதிர்ந்து பேசாதவர். படித்து முடித்தபோது, யாரோ நல்ல மனிதர், எனக்குப் பழக்கமில்லை என்று தோன்றியது.

"இவ்வளவு சிரிச்ச மனுசன். ஒரு வரியிலும் சிரிப்பைக் காணேல்லை" என்றேன். கடைசிப் பக்கத்தில் அந்தப் படத்தைப் போடச் சொன்னேன்.

ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தைக்கு முருங்கைக்காய் வாங்கப் போய், கண்ணாடிச் சட்டம் போட்ட பழைய இத்தாலியப் பத்திரிகைத் தாளோடு வந்தீர்களே, அதுதான். சிதறிக் கிடந்த இத்தாலியை ஒரே நாடாக்கியவர்களைக் கேலி செய்யும் படம். நாடு ஒரு நெடிய சப்பாத்து. பல நிறத் தோல்துண்டுகளைச் சேர்த்து மந்திரிகள் தைக்கிறார்கள். கொழுத்த அரசர் போட்டுப் பார்க்கக் காலை நீட்டுகிறார். பாப்பரசரோ சப்பாத்துக்குள் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கிறார்.

"தைக்கிறவை தோலிட்டைக் கேட்டவையோ?" என்பீர்கள். நாங்களும் அப்படிக் கேளாமல் தைத்த ஒரு நாட்டை விட்டு இங்கே வந்தவர்கள்தானே. அந்த இடத்தில் எனக்கும் சிரிப்பு வரும். வெளியில் காட்டமாட்டேன்.

ரஞ்சனின் முகம் கறுத்துவிட்டது. "அம்மா, சேர்ச் மண்டபத்திலை குடுக்கிற புத்தகம். பாப்பரசரை நக்கலடிச்சால் சனம் என்ன கதைக்கும்? பாதர் வரேக்கை நீங்களே அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கிறனீங்கள்."

"ஓம், திருப்பி வைச்சனான். கழட்டேல்லை."

கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இப்போது படம் என் மடியில் இருக்கிறது. தோலைப் பற்றிச் சொல்லிச் சிரித்த பிறகு உங்களுக்கு இன்னொரு சிரிப்பு வருமே, கண்ணில் நீர் வரும்வரை, இருமல் வரும்வரை? அது எதற்கு? நான் திரும்பிப் பார்த்தால், "கொன்வென்ற்றிலை படிச்சனீர், கண்டுபிடியும் பாப்பம்" என்பீர்கள். நானா கேட்பேன்?

தேடிக்கொண்டிருக்கிறேன். அரசரின் மீசையா? ஊசியால் விரலைக் குத்திக்கொண்ட மந்திரியா? மூலையில் வெறுங்காலோடு நின்று அவர்களுக்கு விளக்குப் பிடிக்கும் குடியானவனா? ஒவ்வொன்றையும் பார்த்துச் சிரித்துப் பார்த்தேன். வரவில்லை.

உங்கள் சிரிப்பின் சத்தம் என் காதில் மங்கிக்கொண்டு போகிறது. அந்த இடத்தைப் பிடித்துவிட்டால் சத்தமும் திரும்பி வரும் என்று பைத்தியக்காரி போல நம்புகிறேன். செபமாலையைக் கீழே வைத்துவிட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்திருக்கிறேன். இதோ, கேட்கிறேன். எந்த இடம்?

ரஞ்சனுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டேன். படமும் இந்தக் கடிதமும் கடைசிப் பக்கத்தில் வரவேண்டும், இல்லாவிட்டால் மலரே வேண்டாம். "சரி அம்மா. ஆனால் சனத்துக்கு நீங்கள்தான் குடுக்கவேணும்" என்றான்.

கொடுப்பேன். நல்ல சேலை கட்டி, மண்டப வாசலில் நின்று, பாதர் உட்பட ஒவ்வொருவர் கையிலும் நானே கொடுப்பேன். கடைசிப் பக்கத்தைப் பார்த்து யாராவது தம்மை மறந்து சிரித்தால், உங்களிடம் கேட்காததை அவர்களிடம் கேட்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இன்னும் உங்கள் மனைவியாகவே இருக்கும்,
பிலோமினா