காபரேற்றரின் இரண்டு குழாய்கள்

பலெர்மோ, இத்தாலி
செவ்வாய் இரவு

அன்புள்ள ஜெனிஸ்டன் அண்ணாவுக்கு,

தங்கை மொனிகா எழுதுவது. இங்கே மூவரும் சுகம். கத்தானியாவில் நீங்களும் சுகம் என்று சுதாஜினி அக்கா சொன்னார். வியாழன் அவர் அங்கே வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்து விடுவேன். என் போனை அப்பா எடுத்துப் பார்ப்பார், அதனால்தான் கடிதம். அப்பாவும் அம்மாவும் படுத்த பிறகு குசினியில் இருந்து எழுதுகிறேன். எழுத்துக் கோணினால் குறை நினைக்க வேண்டாம்.

நீங்கள் பாதியில் விட்டுப்போன மோட்டார் சைக்கிளை அப்பா பாகம் பாகமாகப் பூட்டத் தொடங்கிவிட்டார். வேலையால் வந்ததும் உடுப்புக்கூட மாற்றாமல் கீழே ஒழுங்கையில் வண்டி நிற்கிற இடத்துக்குப் போய்விடுவார். ஞாயிறு அம்மாவைப் பின்னால் இருத்தி மலைக்கு ஓட்டிப்போய், சாந்தா ரொசாலியா கோயிலில் சுவாமியாரைக் கொண்டு அதை ஆசீர்வதிக்கப் போகிறாராம்.

ஆசீர்வாதத்துக்குப் போகிற வண்டியில் ஊத்தை இருக்கக் கூடாதென்று, காபரேற்றர் குழாய்களை எல்லாம் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். எது எங்கே என்று நீங்கள் கட்டியிருந்த நிற நூல்களையும் அழுக்கென்று வெட்டி எறிந்துவிட்டார். தாங்கியிலிருந்து பெற்றோல் வருகிற குழாயைச் சரியாகத்தான் பூட்டினார். மற்ற இரண்டிலும் பிழை. ஒன்று காற்றுக்கு, மற்றது கூடின பெற்றோல் கீழே வழிய, இரண்டின் நுனியும் திறந்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. நான்தானே டோர்ச் பிடித்தேன். அப்பா இரண்டு நுனியையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கிளிப் போட்டுவிட்டார். "வாய் திறந்த குழாயை ஆரும் சும்மா விடுவினமே?" என்கிறார்.

இப்போது ஸ்டார்ட் ஆகிறது, பலாரோ சந்தை வரைக்கும் போகிறது, பிறகு நின்றுவிடுகிறது. கொஞ்சம் பொறுத்தால் திரும்ப எடுக்கும். உள்ளே காற்றுப் போக வழியில்லாமல் பெற்றோல் இறங்குவதில்லை என்று நினைக்கிறேன். தூரம் ஓடினால் சரிவரும் என்கிறார் அப்பா. அம்மாவோ, "நிண்டால் என்ன, சாறியைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் தள்ளுறன்" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மலை வளைவுகளில் பின்னால் பஸ் வரும்.

நேற்றுத் துணிந்து, அந்த நுனிகள் திறந்துதான் இருக்க வேண்டும் என்றேன். "ஆர் சொன்னது?" என்று கேட்டார். உங்கள் பெயர் வாய்வரை வந்தது. படிப்பை விட்டு நீங்கள் கராஜ் வேலைக்குப் போன அன்றிலிருந்து வீட்டில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. படி ஏறி மேலே வந்துவிட்டேன். நானே களவாகக் கிளிப்பைக் கழற்றலாம். காலையில் கண்டால் திரும்பப் பூட்டிவிடுவார். நான் சொல்லி அவர் நம்பப் போவதில்லை.

எனக்குப் பதில் எழுத வேண்டாம் அண்ணா. சனிக்கிழமை அப்பாவுக்கே போன் எடுங்கள். ஏசுவார், இல்லாவிட்டால் ஒன்றும் பேசாமல் பிடித்துக்கொண்டு இருப்பார். வைத்துவிடாதீர்கள். மன்னிப்புக் கேட்க வேண்டாம், அன்று நடந்ததையும் எடுக்க வேண்டாம். குழாயைப் பற்றி மட்டும் கதையுங்கள். உங்கள் குரல் என்றால் அவர் கேட்பார்.

ஞாயிறு பின்னேரம் அப்பாவும் அம்மாவும் முழுசாக வீடு வரவேண்டும் என்று செபிக்கும்,
உங்கள் தங்கை
மொனிகா