ஒடைமரத்துப் பள்ளத்தில் புதைத்தது

இயேசு மரி சூசை துணை

சவேரியார்குடியிருப்பு,
தூத்துக்குடி வழி,
10-2-1978, வெள்ளி.

அன்பு மகள் அல்போன்சாவுக்கு உன் அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடுகிறோம், நீயும் மாப்பிள்ளை இனிகோவும் அந்தப் பம்பாயில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஐம்பத்துமூன்று மணிச் செபம் சொல்லுகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இருபத்தைந்தாம் தேதிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று, ஏழாம் மாதம் முடியுமுன்னே வந்துவிடுவேன், நம்ம ஊத்துத் தண்ணி குடிக்கணும் போல இருக்கும்மா என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஏளா, நீ வராதே. தலைப்பிரசவத்துக்குப் பெற்ற மகளை வராதே என்று எழுதுகிற தாய் இந்தக் கரையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். முழுசும் வாசி, பிறகு கோபப்படு.

கிறிஸ்மஸ் கழிந்து மூன்றாம் நாள் ஒரு எண்ணெய்க் கப்பல் தீவுக்கு வெளியே பார்ப் பாறையில் ஏறி உடைந்ததை நீயும் பேப்பரில் பார்த்திருப்பாய். வாடைக் காற்று அந்த எண்ணெயை நேரே நம் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தது. மூன்று ராஜாக்கள் திருநாள் பூசை முடிந்து வெளியே வந்தால் கரை முழுக்கக் கருப்பு, அலைச் சத்தமே இல்லை, காய்ச்சின பாகு மாதிரி மெள்ள வந்து மணலில் படுக்கிறது. அப்பாவின் வலை இரண்டும் போயிற்று. மீன் பிடிக்கக் கூடாது, சங்கு குளிக்கக் கூடாது என்று தண்டோரா போட்டார்கள். லாஞ்சில் வந்து என்னமோ மருந்து அடித்தார்கள், எண்ணெய் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் போயிற்று, அது முத்துப்பார் மேலேதான் படிந்து கிடக்கு என்று குளியாட்கள் சொன்னால் ஒரு ஆபீசரும் காது கொடுக்கவில்லை, அவர்களுக்கு மேலே மிதந்தால்தான் எண்ணெய். ஜீப்பு ஜீப்பாக வந்து ஆளுக்கு ஒரு பாட்டிலில் மாதிரி எடுத்துப் போனார்கள், நம் வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றும் அப்படிப் போயிற்று, இனி அது வராது. பிறகு கரையில் கீலாக இறுகி ஒதுங்கின எண்ணெயை மணலோடு வாரிச் சாக்கில் கட்ட நம் பெண்களையே கூப்பிட்டார்கள், நாள் கூலி நாலு ரூபாய். யார் எத்தனை சாக்கு சுமந்தாள் என்று நான்தான் நோட்டில் எழுதினேன். கட்டின சாக்கை ஏற்ற வந்த லாரி மணலில் புதைந்துபோயிற்று. அப்படியானால் அங்கனயே குழி வெட்டிப் புதை என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம்.

முதலில் கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டித்தான் வெட்ட வந்தார்கள், அங்கேதான் தரை கெட்டி. பிறந்த ஒன்பது நாளில் போன உன் அண்ணன் அங்கே கிடக்கிறான் என்று உனக்குத் தெரியும். நான் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் மறித்து நின்றேன். வேலையை நடத்த வந்த ரெவின்யூ ஆபீஸ் ஆர்.ஐ. சிரித்துக்கொண்டே, செத்தவங்க மேல எண்ணெய் பட்டா என்னம்மா, சனிக்கிழமை தலைக்குத் தேச்சுக் குளிக்கட்டுமே என்றார். கூட நின்ற கிளாடிஸ், உன்னோடு படித்தவள், அப்போது நிறைமாதம், மொதல்ல உம்ம ஆத்தாளைக் கூட்டியாந்து தேச்சுவிடும் என்றாள் பார், வெட்டுகிற ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஆர்.ஐ.க்கு முகம் செத்துப்போயிற்று. நானும் பிள்ளைகுட்டிக்காரன்மா, நாளைக்குள்ள முடிக்கலைன்னா என் வேலை போயிரும், நீங்களே ஒரு இடம் காட்டுங்க என்று கெஞ்சினார். ஒடைமரத்துப் பள்ளத்தைக் காட்டினது நான்தான் அல்போன்சா. அங்கே கல்லறை இல்லை, யாருக்கும் பட்டா இல்லை, ஆடு மட்டும் மேயும். அங்கிருந்து நம் ஊத்து வரைக்கும் நானே நடந்து எண்ணிப் பார்த்தேன், முந்நூற்றுப் பத்துத் தப்படி, இவ்வளவு தூரத்து மணல் வடிகட்டாதா என்று நினைத்தேன். மணலுக்குள்ளே போனால் மூன்று மாதத்தில் மண்ணோடு மண்ணாகிவிடும் என்று ஆர்.ஐ.யும் சொன்னார். ஊரார் விருப்பப்படி இந்த இடத்தில் சுமார் முந்நூறு சாக்கு புதைக்கப்படுகிறது என்று ஒரு காகிதம் எழுதி நீட்டினார். மற்றவர்கள் பெருவிரல் வைத்தார்கள், நான் இரண்டு தரம் வாசித்துவிட்டு மைப்பேனாவில் கையெழுத்துப் போட்டேன். பள்ளிக்கூடம் போகாமல் படித்தவள் என்று அந்த நிமிஷம் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன்.

கருப்பட்டி கொண்டுவருகிற சீனித்தாய் பத்து நாள் கழித்து வந்து பள்ளத்தைப் பார்த்துவிட்டுக் கூடையை இறக்காமலே நின்றாள். அக்கா, மழைத் தண்ணி நிக்கிறது அந்தப் பள்ளத்துலதான, அதுதான உங்க ஊத்துக்கு ஊறுது, எங்க பனங்காட்டுல சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியுமே என்றாள். நான் அடி எண்ணினேனே தவிர தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று யோசிக்கவில்லை. போன மாதம் இருபத்தைந்தாம் தேதி காலம் தப்பி ஒரு மழை பெய்தது. நாலாம் நாள் ஊத்தில் சிரட்டையால் கோரினால் தண்ணீர் மேலே மயில் கழுத்து நிறத்தில் ஒரு ஆடை, மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. காய்ச்சினாலும் போகவில்லை. தெருவில் பிள்ளைகளுக்கெல்லாம் வாந்தி. கிளாடிஸ் பெற்றது பதினெட்டு நாள் ஆண் பிள்ளை, பால் போதவில்லை என்று அந்தத் தண்ணீரில்தான் சீனி கலந்து கொடுத்திருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை போய்விட்டது. டாக்டர் வயிற்றுப்போக்கு என்று எழுதினார், எண்ணெயால் என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. ஊத்துத் தண்ணீரில் எடுத்த மாதிரி மெட்ராஸ் போயிருக்கிறதாம், பதில் இல்லை. பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்தில்தான் வைத்தோம், கீல் படாத சுத்தமான மண். அந்த மண்ணைத்தான் நான் காப்பாற்றிக் கொடுத்தேன். சாம்பல் புதனன்று கிளாடிஸ் என் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள், திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் லாரி வருகிறது, வீட்டுக்கு இரண்டு குடம். வருகிற இருபதாம் தேதி பெரிய ஆபீசர் விசாரணைக்கு வருகிறார். ஊர்க் கமிட்டித் தலைவர் ஜேசுபாதம் அண்ணாச்சி நேற்று வீட்டுக்கு வந்தார். வெறும் தாளில் கையெழுத்து வாங்கினாங்கன்னு சொல்லிரு தாயி, பொம்பள சொன்னா நம்புவாங்க, இல்லைன்னா நீங்க காட்டின இடம், நீங்களே தோண்டி எடுங்கன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க, லாரியும் நின்னுபோகும் என்றார். அவர் சொல்லுவதில் ஞாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தபசு காலத்தில் சத்தியம் பண்ணிப் பொய் சொல்ல எனக்கு நாக்கு வராது, அதோடு வாசிக்கத் தெரிந்த ஒருத்தி வாசிக்காமல் போட்டேன் என்றால் எந்தப் பைத்தியக்காரன் நம்புவான். இடம் காட்டினது நான், கையெழுத்து என்னுடையது என்றுதான் சொல்லப்போகிறேன். காகிதத்தில் முந்நூறு சாக்கு, என் நோட்டில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது, அதையும் அந்த ஆபீசர் முன்னால் வைப்பேன். மூன்று மாதத்தில் மண்ணாகிவிடும் என்று சொன்னது யார் என்றும் சொல்லுவேன், அந்த மனுஷனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது என்பதுதான் உறுத்துகிறது. முந்நூறோ மூவாயிரமோ, இடம் காட்டினவள் நான் என்பது மாறாது. ஊர் என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அப்பா, வரட்டுமே, தூத்துக்குடியிலேர்ந்து சைக்கிள்ல தண்ணி கொண்டாறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், உனக்குத் தனியாக எழுதினாலும் எழுதுவார். அதைக் கேட்டுக் கிளம்பிவிடாதே. பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் நாற்பது நாளைக்கு எத்தனை குடம் வேண்டும் என்று ஆம்பிளைக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் அக்கா பிளாரன்ஸ் அங்கே ஆஸ்பத்திரியில்தானே நர்ஸாக இருக்கிறாள், அவள் கையைப் பிடித்துக்கொள், அவளுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். டிக்கெட்டை இப்போதே திருப்பிக் கொடுத்துவிடு. காலில் நீர் கோத்தால் உடனே காட்டு, சும்மா இருக்காதே. என்னை நினைத்து அழாதே, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது.

பரிசுத்த தாய் உன் வயிற்றில் கை வைத்துக் காப்பாளாக, மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர் எப்போதும் உண்டு. மறக்காதே, பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானத்தை அங்கேயே கொடுத்துவிடுங்கள். நம் கோயிலில்தான் கொடுக்க வேண்டும் என்று நான் முன்னே எழுதினதை விட்டுவிடு. இங்கே ஞானஸ்நானத் தொட்டியில் நிற்பதும் அந்த ஊத்துத் தண்ணீர்தான்.

இப்படிக்கு உன் அம்மா,
இசபெல்லா ரோச்